கை ஓங்கும் கணவர்: அனைவரும் ஒரு வகையினரோ?

இரவு வேளையில் ஒரு பெண் குருமனைக் கதவைத் தட்டி, கணவன் தன்னை அடித்துவிட்டதாகக் கூறுகிறாள். நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? மறுநாள் இருவரையும் வரவழைத்து, எதிரெதிரே அமர்த்தி, இருவர் குறைகளையும் எடுத்துரைத்து, ஜெபித்து அனுப்பிவைக்கிறோம். இவ்வழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும், அடிப்போர் அனைவரும் ஒரே காரணத்தால்தான் அடிக்கின்றனர் என்னும் எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. அவ்வெண்ணம் தவறானது. சில இல்லங்களில் அத்தவறு உயிருக்கே ஊறு விளைவிக்கும் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

இப்பொருள் பற்றிய ஆய்வுகள் அமெரிக்க நாட்டில் மிகுதியாக நடந்துள்ளன. அங்கே ஒரு முரண்பாடு நெடுங்காலம் அறிஞரைக் குழப்பியது. பொதுமக்களிடையே எடுத்த கணக்கெடுப்புகள், கணவனும் மனைவியும் ஏறத்தாழ ஒத்த அளவில் கைநீட்டுவதாகக் காட்டின. அடைக்கல இல்லங்களும் காவல் நிலையங்களும் கண்டதோ, பெரும்பாலும் பெண்களே அடிபட்டு வருவதை. 1995-இல் மைக்கேல் ஜான்சன் என்னும் சமூகவியலார், இரண்டு கூற்றுகளும் மெய்யே, அவை பேசும் வன்முறைகள்தாம் வேறு என்று விளக்கினார். ஒன்று, சச்சரவு முற்றிய நேரத்தில் எழுவது. மற்றது, ஆட்சி செலுத்துவது. பணம் யார் கையில் இருக்க வேண்டும், தாய்வீட்டுக்கு எப்போது போகலாம், யாரோடு பேசலாம் என்பவற்றையெல்லாம் ஒருவரே வகுத்து, மற்றவரை அச்சத்தில் வைத்திருக்கும் முறை இது. இங்கு அடி என்பது பல கருவிகளுள் ஒன்று மாத்திரமே. ஆகையால் அடிகளை எண்ணி வகையை அறிய இயலாது. ஆண்டுக்கு ஒரே முறை விழுந்த அடியின் நினைவு, மீதமுள்ள நாட்களையெல்லாம் ஆளக்கூடும்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1994-இல், ஏமி ஹோல்ட்ஸ்வொர்த்-மன்ரோ, கிரகரி ஸ்டூவர்ட் என்னும் உளவியலார் இருவர், அடிக்கும் ஆண்களையே மூவகையாகப் பிரித்துக் காட்டினர். முதல் வகையினர் வீட்டில் மட்டும் வன்மை காட்டுவோர். அவர்தம் வன்முறை ஒப்பளவில் குறைவு. பின்னர் வருந்துவதும் உண்டு. இரண்டாம் வகையினர் உள்ளம் நிலையற்றோர், மனைவியையே பற்றிக்கொண்டிருப்போர், பொறாமையும் ஐயமும் மிக்கோர். அவள் தம்மை விட்டுப் போய்விடுவாளோ என்னும் அச்சமே சினமாக மாறுகிறது. மூன்றாம் வகையினர் வீட்டிலும் வெளியிலும் ஒருங்கே வன்முறையாளர். குற்ற உணர்வு அரிது.

சியாட்டில் நகரில் ஜேக்கப்சன், காட்மன் என்போர், வாக்குவாதத்தின்போது சில கணவரின் இதயத்துடிப்பு உயராமல் குறைவதைக் கண்டதாக அறிவித்து, அவ்வடிப்படையில் இரு வகை வகுத்தனர். அது பெரும் புகழ் பெற்றது. பின்னர் பிறர் செய்த ஆய்வுகளில் அவ்வகைப்பாடு உறுதிப்படவில்லை. இதைக் குறிப்பிடுவது ஏனெனில், வகைப்பாடு எதுவும் முகத்தில் ஒட்டும் சீட்டு ஆகாது. நாம் மருத்துவரும் அல்லோம். நமக்கு அது பயன்படுவது, எந்த இல்லத்தில் எதைச் செய்யக் கூடாது என்று அறிவதற்கே.

நம் பணியில் மிகவும் ஏமாற்றுவது இரண்டாம் வகையே என்று கருதுகிறோம். இவர் பலிபீடத்தண்டை முழங்காற்படியிட்டு அழுவார். அக்கண்ணீர் பொய்யென்று சொல்லவும் இயலாது. ஆனால் அது பெரும்பாலும் அவளை இழந்துவிடுவோம் என்னும் துயரமே. அவளுக்கு இழைத்த தீங்கைப் பற்றிய துயரம் அன்று. லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு பிறருக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டுத் திருப்பித் தர முன்வந்தான். மனந்திரும்பிய கணவனும், அவள் திரும்பி வர வேண்டுமென்று கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பான். அவள் தொலைவில் வாழ விரும்பினால் பொறுத்திருப்பான். மன்னித்துவிடு என்று மனைவியை நாம் நெருக்கினால், அவன் செய்ய வேண்டியதை அவள் தலையில் சுமத்தியவர் ஆவோம்.

குடியைப் பற்றியும் ஒரு சொல். குடித்ததால் அடித்தான் என்பர். அதே போதையில் அவன் மேலதிகாரியை அடிப்பதில்லை. குடியை விட்டால் சச்சரவில் எழும் வன்முறை சில இல்லங்களில் தணியலாம். ஆட்சி செலுத்துவோன் குடியாத நாளிலும் ஆட்சி செலுத்துவான்.

எனவே முதற்கண் செய்யத்தக்கது, மனைவியைத் தனியே கேட்பது. அவனுக்கு அஞ்சுகிறாயா? கழுத்தை நெரித்தானா? ஆயுதம் காட்டினானா? கொல்வதாகவோ தன்னை மாய்த்துக்கொள்வதாகவோ மிரட்டினானா? அடி வரவரக் கடுமையாகிறதா? ஜாக்குலின் கேம்பல் என்னும் செவிலியர் பேராசிரியர் 1980-களில் வகுத்த ஆபத்துக் கணிப்பு முறையில் இத்தகைய வினாக்களே இடம்பெறுகின்றன. கழுத்தை நெரித்தல் பேராபத்தின் அறிகுறி. பிரிந்து செல்லும் காலமும் அவ்வாறே. போய்விட்டால் தீர்ந்தது என்று நாம் எண்ணலாகாது. இவ்வினாக்களுள் ஒன்றற்கேனும் ஆம் என்று விடை வந்தால், இருவரையும் ஒன்றாக அமர்த்தும் ஆலோசனை கூடவே கூடாது. அங்கு அவள் மெய் பேசினால், அதற்குரிய விலையை வீட்டில் செலுத்துவாள். அச்சமின்றி இருவரும் பேசக்கூடிய இல்லத்தில் மட்டும், அடி நின்ற பின்னரே, அம்முறை பொருந்தும்.

கணவனுக்கென்று தனி வகுப்புகளும் உண்டு. மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் 1981-இல் தொடங்கிய முயற்சி இவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் 2004-இல் ஜூலியா பாப்காக் முதலியோர் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய வகுப்புகளின் பயன் சிறிதளவே எனக் கண்டனர். ஆகவே வகுப்புக்குச் செல்கிறான் என்பதே அவளைத் திருப்பி அனுப்பப் போதிய காரணம் ஆகாது. அவன் சபைப் பொறுப்பில் இருப்பவனாயின், அப்பொறுப்பிலிருந்து விலக்கிவைத்தல் நம் கையிலுள்ள செயல்.

நம் நாட்டில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி மட்டுமன்றி, இழிமொழி, பண முடக்கம், பாலியல் கொடுமை ஆகியவையும் அதில் அடங்கும். அவள் வாழும் வீட்டிலேயே வாழும் உரிமையை நடுவர் நீதிமன்றம் காக்கலாம். அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி பாதுகாப்பு அலுவலருக்கு யாரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது அதன் பொருட்டு வழக்கு எழாது. ஆயரும் அதைச் செய்யலாம். ஆனால் அவளைக் கேட்ட பின்னரே. அவள் நம்மிடம் வந்ததையும், அவள் ஒப்புதலின்றி, கணவனிடம் உரைத்தல் ஆகாது.