அரசு பணம் இருக்க, நம் காணிக்கை எதற்கு?



"சமூகப் பணியாளர் பயிற்சிக்கு அரசே பணம் தருகிறதே?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

எய்ட்ஸ் தடுப்புப் பணியை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. கருவூலங்களைச் சுற்றி வராமல் பணம் சீக்கிரம் சேரவேண்டுமென்றே அதைச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். மற்ற மாநிலங்களும் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டன. 2007-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில், தொண்டு நிறுவன ஊழியர்களுக்கு ஆலோசனை கூறுதல், களப்பணி முதலியவற்றைக் கற்றுத்தரும் மாநிலப் பயிற்சி மையங்களுக்கும் நிதி கிடைத்தது. நல்ல ஏற்பாடு, நன்றியோடு சொல்கிறோம்.

ஆனால் அரசுப் பணம் திட்டத்தோடு வரும், திட்டத்தோடு போகும். தவணையாகத்தான் வரும், முந்திய தவணைக்குக் கணக்கும் சான்றிதழும் கொடுத்த பின்பே அடுத்தது. தாமதமானால் முதலில் நிற்பது ஊழியருடைய சம்பளம். இரண்டு மூன்று மாதம் யார்தான் தாங்குவார்? பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். புதியவர் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். நோயாளியோ தன் இரகசியத்தை இன்னொரு அந்நியரிடம் மறுபடியும் சொல்லவேண்டியதாகிறது. அந்த இடைவெளி மாதங்களின் சம்பளத்துக்கே உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம்.