சென்னை எவ்வளவு தூரம்?

“காக்கா, சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலந்தானே” என்று காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருக்கும் தம்பியொருவர் சொன்னார். டிக்கட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் வியாபாரி கணக்குப் பார்க்க வேண்டியது கடைக் கதவிலிருந்து கடைக் கதவு வரை.

இஷா தொழுதுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு பஸ் ஏறுகிறார். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழி. கட்டுநாயக்க போய்ச் சேரும்போது சுபஹ் நேரம். மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். பத்து மணிக்கு விமானம் என்றால் பதினொன்றரைக்கு மீனம்பாக்கம். குடிவரவு, பொதி, நகரத்து நெரிசல் எல்லாம் தாண்டி சௌகார்பேட்டையில் துணியைத் தொட்டுப் பார்க்கும்போது பிற்பகல் இரண்டு மணி. பதினேழு மணித்தியாலம்! பறந்தது ஒன்றரை.

அந்த ஒன்றரையும் முழுக்கப் பறப்பதல்ல. கட்டுநாயக்கவிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 645 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் போகும் ஜெட்டுக்கு ஐம்பது நிமிடமும் தேவையில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்க முறை பார்ப்பது எல்லாம் சேர்த்தே கம்பனிகள் நேரம் போடுகின்றன. இந்தியாவுக்கும் நமக்கும் 2006 ஏப்ரல் முதல் ஒரே நேரம் என்பதால் இதில் குழப்பமில்லை. துபாய் டிக்கட்டில் அந்தந்த ஊர் நேரம் இருக்கும். ஒன்றரை மணித்தியால வித்தியாசத்தைப் பார்க்காமல் கணக்குப் பிழைத்தவர்கள் பலர்.

இனி நம் பக்கம் வருவோம். வாவியோரம் கிடக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 605 கிலோமீற்றர். அதாவது கட்டுநாயக்கவை விட நாம் சென்னைக்கு நாற்பது கிலோமீற்றர் கிட்ட! வடக்கே போகவேண்டிய நாம், முதலில் தீவைக் குறுக்கே கடந்து மேற்கே போய் விமானம் ஏறுகிறோம்.

இந்நிலையம் 2016 ஜூலையில் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரும் வந்தது. சென்னைக்கு ஒழுங்கான சேவைதான் வரவில்லை. பலாலிக்கு 2019 ஒக்டோபரில் அந்தப் பெயர் கிடைத்தது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வந்தது. 2020 இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அங்கே வருவது ஏரிஆர் 72 என்ற காற்றாடி விமானம். எழுபது பேரளவில் ஏறலாம், மணிக்கு 500 கிலோமீற்றரளவு வேகம். அதே விமானம் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டால் சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர் அஸருக்கு முன்னரே கொள்வனவை ஆரம்பிக்கலாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நமது ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றரளவுதான். குறுகிய பாதையில் எழும்பும் விமானம் சுமையைக் குறைத்தே எழும்ப வேண்டும். ஆளை ஏற்றினால் பொதி குறையும்; மூட்டையோடு திரும்பும் நமக்கு அது சரிவராது. ஆகவே வியாபாரி போய்வர விமானம், சரக்கு வழக்கம்போல் கப்பலில் என்றுதான் திட்டமிட வேண்டும்.

விமானக் கம்பனி முதலில் கேட்பது ஆசனம் நிரம்புமா என்பது. நோன்புக்கு முன் எல்லோரும் போவோம்; மற்ற மாதங்களில்? காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வர்த்தக சங்கங்கள், மட்டக்களப்பு நகரத்து வர்த்தகர்களையும் சேர்த்துக்கொண்டு, மாதத்தில் எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை கிலோ கொண்டு வருகிறார்கள் என்று ஒரு வருடத்துக்கு எழுதி வைக்கட்டும். கோரிக்கைக் கடிதத்தோடு அந்தக் கொப்பியையும் கொண்டுபோகலாம், இன்ஷா அல்லாஹ்.