மருந்து வெச்சும் சாகாத வண்டு

அரிசியில் வண்டு விழுந்தால் நம்ம வீட்டில் அம்மா மொட்டை மாடியில் காயப்போட்டுப் புடைத்து எடுத்துவிடுவார். ஆயிரக்கணக்கான மூட்டைகள் அடுக்கிய குடோனில் அது நடக்குமா? அங்கே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைதான் கதி. 3 கிராம் மாத்திரை ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து 1 கிராம் பாஸ்பீன் வாயுவைக் கக்கும். மூட்டை அட்டியை பிளாஸ்டிக் கவரால் மூடி, ஓரங்களில் மணல் பைகளை வைத்து அடைத்து, வழக்கமாக 7 நாள் விட வேண்டும்.

ஒரு குடோனில் நான் கண்டது வேறு. லாரி வந்துடுச்சுன்னு நாலாம் நாளே கவரைப் பிரித்தார்கள். கவரிலும் ஆங்காங்கே கிழிசல். "ஏன் இவ்வளவு அவசரம்?" என்றேன். "அதான் வண்டு செத்துக் கிடக்கே தம்பி!" என்றார் அங்கிருந்த பெரியவர்.

செத்தது வெளியே திரிந்த வண்டு. கூன்வண்டின் முட்டையும் கூட்டுப்புழுவும் அரிசிக்குள்ளேயே இருக்கும். அவற்றைக் கொல்ல அதிக நாள் தேவை. அதோடு, வாயுவைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே உள்ள சில வண்டுகளும் பிழைக்கும். அடுத்த தலைமுறை அவற்றின் வாரிசுதான்! டி.பி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி முரடாகிறதே, அதே கதை.

இது புதுசும் இல்லை. 1972-73-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு நடத்திய உலக ஆய்விலேயே, சேகரித்த பூச்சிக் கூட்டங்களில் சுமார் 10 சதவீதத்தில் பாஸ்பீன் எதிர்ப்பு தெரிந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் தமிழக குடோன் பூச்சிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். 2012-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான ஒரு மரபணுவையே அடையாளம் காட்டினார்கள்.

வேறு மருந்து போடலாமே என்பீர்கள். மெதில் புரோமைடு ஓசோனைக் கெடுப்பதால், ஏற்றுமதி, குவாரண்டைன் போன்ற சில தேவைகள் தவிர அதற்குத் தடை. சல்ஃப்யூரில் புளூரைடு ஆஸ்திரேலியாவில் பயன்படுகிறது. ஆனால் முட்டைகளை அது லேசில் கொல்லாது. ஆகவே கையில் இருக்கும் பாஸ்பீனைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

எப்படி? மாத்திரையைக் கூட்டினால் நாளைக் குறைக்கலாம் என்பது தப்புக் கணக்கு. முதலில் கசிவை அடைக்கணும். இரண்டாவது, கவருக்குள் வாயு எவ்வளவு நிற்கிறது என்று மீட்டர் வைத்து அளக்கணும். மூன்றாவது, குறித்த நாள் முடியும்வரை பிரிக்கக் கூடாது. பிறகு தரையில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளணும். பிழைத்த வண்டு அங்கேதான் பெருகும். பாஸ்பீன் மனிதனையும் கொல்லும். எனவே பயிற்சி பெற்றவர்தான் கையாளணும். வீட்டு அரிசி டின்னில் போடவே கூடாது.

கசிவை அடைப்பதும் மீட்டர் பார்ப்பதும் யார் வேலை? டிப்ளமோ படிக்கிற நம்ம வேலைதானே! நாளை நம்மில் ஒருவர் குடோன் பொறுப்பில் நிற்கும்போது, வாசலில் லாரி ஹாரன் அடிக்கும். அப்போது "இன்னும் மூணு நாள் ஆகும்" என்று சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும்.