எந்தக் கோழி எந்த வீட்டிற்கு?

வானம் பொய்த்த ஆண்டில் கரிசல் நிலத்துப் பருத்தியும் உளுந்தும் கைவிட்டாலும், முற்றத்துக் கோழி குடும்பத்தைக் கைவிடுவதில்லை. அவசரச் செலவு வந்தால் நம் தாய்மார்கள் முதலில் நாடுவது கோழிப் பஞ்சாரத்தையே. ஆதலின் எந்தக் கோழியை வளர்ப்பது என்பது சிறு விஷயமன்று. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதனை ஆராய்ந்து முடிவு செய்தல் நலம்.

கோழி வாங்கும் முன், அது முட்டைக்கா, இறைச்சிக்கா, இனவிருத்திக்கா என்று நாம் தீர்மானிக்க வேண்டும். மூன்றிலும் சிறந்து விளங்கும் கோழி எதுவும் இல்லை.

முட்டைக்கு

முட்டை என்றதும் வெள்ளை லெகார்ன் நினைவிற்கு வரும். நாமக்கல் பண்ணைகளில் இவ்வினத்திலிருந்து உருவான கோழிகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 முட்டைகள் இடுகின்றன. ஆனால் அது கூண்டும், அளந்து கொடுக்கும் தீவனமும் தரும் பலன். திறந்த முற்றத்தில் வெண்ணிறக் கோழி பருந்தின் கண்ணில் எளிதில் படும். மேலும் அது அடைகாப்பதில்லை. 1952 இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் இத்தகைய சீமைச் சேவல்கள் ஊர்களுக்கு வழங்கப்பட்டன. முட்டை பெருகும் என்ற நோக்கம் நல்லதே. ஆயினும் வளரும் இடத்தையும் கருத வேண்டும் என்பது நாம் கற்க வேண்டிய பாடம்.

முற்றத்திற்கு ஏற்றது, ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிராமப்பிரியா. இதன் இறகு பல நிறமுடையது. நாட்டுக் கோழியினும் முட்டை அதிகம். முதல் ஆறு வாரங்கள் குஞ்சுகளுக்கு வெப்பமும் நல்ல தீவனமும் கொடுத்துக் காத்த பின்னரே வெளியில் மேயவிட வேண்டும்.

இறைச்சிக்கு

அதே நிலையத்தின் வனராஜா, 1989 இல் பெங்களூரில் வெளியிடப்பட்ட கிரிராஜா ஆகியவை விரைவில் எடை கூடுபவை. நம் நாட்டுப் பெருவிடை மெதுவாக வளரும்; ஆயினும் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இனவிருத்திக்கு

இங்குதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். சிறுவிடைப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும். ஆனால் அது 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, பருந்து வட்டமிட்டால் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக் காக்கும். முட்டைக் கணக்கை மட்டும் பார்த்துச் சிறுவிடைகளை விற்றுவிட்ட வீட்டில், மறு ஆண்டு ஒவ்வொரு குஞ்சிற்கும் காசு கொடுக்க வேண்டிவரும். கலப்பினக் கோழியின் முட்டையைப் பொரிக்கச் செய்தாலும், குஞ்சுகள் தாயைப்போல முட்டையிடும் என்ற உறுதி இல்லை.

எனவே பத்துக் கோழி வளர்க்கும் வீட்டில் நான்கு சிறுவிடைப் பெட்டைகள், ஒரு சிறுவிடைச் சேவல், ஐந்து கிராமப்பிரியாக்கள் இருக்கலாம். கிராமப்பிரியாவின் பெரிய முட்டைகளை உண்ணவும் விற்கவும் செய்க. சிறுவிடையின் சிறு முட்டைகளை அடைக்கு வைக்க. ஒரு பெட்டைக்குப் பத்து முட்டைகள் போதும். கோடையில் நான்கு நாட்களுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைத்தல் ஆகாது. சேவலை ஆண்டுதோறும் வேற்றூரிலிருந்து மாற்றினால் உடன்பிறப்புச் சேர்க்கையால் இனம் நலிவதைத் தடுக்கலாம்.

கம்பும் சோளமும் விளையும் நம் ஊர்களில், களத்தில் சிந்திய தானியமே பாதித் தீவனம். வெயிலுக்கு வேப்பமர நிழலும் மண்சட்டியில் தண்ணீரும் இருத்தல் அவசியம்.

எவ்வினமாயினும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் பஞ்சாரம் ஒரே வாரத்தில் காலியாகும். குஞ்சுக்கு 7 ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8 ஆம் வாரத்தில் தடுப்பூசியும் தவறாமல் இடவேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் நோய் தெருவெங்கும் பரவும். ஆகவே கோடைக்கு முன்னரே ஊர்க் கோழிகள் அனைத்திற்கும் ஒரே நாளில் தடுப்பூசி இட, கால்நடை மருந்தகத்துடன் கலந்து ஏற்பாடு செய்வது ஊராட்சியின் கடமை.

முட்டைக்குப் புதிய இனத்தை வரவேற்போம். அடைக்கு நம் சிறுவிடையைக் காப்போம். இரண்டும் சேர்ந்த முற்றத்தில் வருமானமும் நிற்கும், வித்தும் நிற்கும்.