மென்பொருள் கட்டமைப்பு நிரல்களில் மேற்கோள் குறி

மென்பொருளின் பதிப்பெண்ணை மேக் கோப்பிலிருந்து சி மொழி நிரலுக்கு எழுத்துச் சரமாக அனுப்ப, "2.1" என எழுதுதல் போதாது. மேக் அக்குறிகளைத் தொடாமல் ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. ஷெல்லோ சொற்பிரிப்பைத் தடுக்கும் குறிகளாகவே அவற்றைக் கருதி நீக்கிவிடுகிறது. தொகுப்பியை அடைவது 2.1 என்னும் வெறும் தசம எண். ஆகவே \"2.1\" எனப் பின்சாய்கோடிட்டு, குறியின் சிறப்புப் பொருளை ஷெல்லிடமிருந்து மறைக்க வேண்டும். இதனைத் தவறவிட்டால், பிழைச்செய்தி பெரும்பாலும் மேக் கோப்பையன்றி, அம்மதிப்பு பயன்படும் சி வரியையே சுட்டும். பிழை தேடுவோர் வழிதவறுவது இங்கேதான்.

ஆட்டோகான்ஃப் வேறொரு வழியை மேற்கொண்டது. எம்4 மொழியின் இயல்பான மேற்கோள் குறிகள் ஷெல்லிலும் வழங்குவதால், அவற்றுக்கு மாற்றாகச் சதுர அடைப்புகளை ஏற்றது. மதிநுட்பமான தெரிவுதான், ஆயினும் சி மொழி அணிகளுக்கும் அதே அடைப்பு தேவைப்படுவதால், அங்கு அடைப்பை இரட்டிக்கவோ @<:@ என்னும் நான்குறித் தொடரை எழுதவோ நேர்கிறது.