டோக்கனில் நேரமும் வேண்டும்

முன்பெல்லாம் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டரைப் பார்க்க, விடியுமுன்னே வீட்டிலிருந்து ஒருவர் போய் இடம் பிடிப்பார். கிளினிக் வாசலில் செருப்பு, மஞ்சப்பை, செங்கல் என ஆளுக்கொரு அடையாளம் வரிசையில் கிடக்கும். கம்பவுண்டர் வந்து கதவைத் திறந்த பிறகுதான் அட்டை டோக்கன். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒன்று, ரத்தம் கொடுக்க ஒன்று, மாத்திரை வாங்க இன்னொன்று. கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போச்சு.

இன்று வாசலில் செங்கல் இல்லை. 2015-இல் மத்திய அரசின் ஆன்லைன் பதிவு வந்தது. 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவமனையில், க்யூஆர் குறியீட்டை செல்போனில் ஸ்கேன் செய்தால் பதிவு டோக்கன் கிடைக்கும் முறை தொடங்கி, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஆனாலும் நம்மூரில் நடந்த பெரிய மாற்றம் 2021 ஆகஸ்டில் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்பேன். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவதால், மாத்திரைக்காக மட்டும் ஓ.பி.யில் நின்றவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சம்.

ஆனால் கிளினிக்குக்கு போன் செய்து பாருங்கள். “உங்க நம்பர் 38. பத்து மணிக்கு வந்துடுங்க.” ஒன்றாம் நம்பருக்கும் அதே பத்து மணிதான்! வெறும் வயிற்றோடு வந்த சர்க்கரை நோயாளி, பையிலிருக்கும் பிஸ்கட்டைத் தொடலாமா கூடாதா என்று நர்ஸ் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்பர் போனுக்கு வந்துவிட்டது. காத்திருப்பு மட்டும் பெஞ்சிலேயே இருக்கிறது.

இதற்கு வழி தெரியாமலில்லை. பிரிட்டனில் நார்மன் பெய்லி, வெல்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-லேயே இதை ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்: தொடக்கத்தில் இருவரை வரச் சொல்லுங்கள்; அதன்பின் ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். டாக்டர் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று எல்லோரையும் முன்கூட்டியே வரவழைப்பதுதான் கூட்டம் சேரக் காரணம்.

டாக்டர் ஆபரேஷன் முடித்து வரத் தாமதமாகலாம். அவசரக் கேஸ் நடுவில் வரலாம். அதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்கலாம், தாமதமானால் மெசேஜ் அனுப்பலாம். புது நோயாளிக்குக் கூடுதல் நேரம், ரிப்போர்ட் காட்ட வருபவருக்குக் குறைவு என்று பிரிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு நேரில் வந்தும் சீட்டு கிடைக்க வேண்டும்; அவர் சீட்டிலும் நம்பருக்குப் பக்கத்தில் 11.20 என்று எழுதிக் கொடுங்கள்.