முதுமலையா, டாப்சிலிப்பா? கைக்காசுக்கு ஏத்த காட்டுப் பயணம்

விடுமுறை நெருங்கியதும் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. "பிள்ளைங்களுக்குக் காட்டு யானையைக் காட்டணும், எங்கே போகலாம்?" உடனே செல்போனை எடுத்துத் தேடுகிறோம். முதலில் வருவது முதுமலை. "அங்கே ஒரே கூட்டம், டாப்சிலிப் போங்க, அமைதியா இருக்கும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "மசினகுடியில ஒரு ஜீப்காரர் நம்பர் இருக்கு, ராத்திரியிலயே காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவார்" என்று வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர் போடுவார்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் நல்ல வழிகள். மூன்றாவது உங்கள் காசுக்கும் உயிருக்கும் ஆபத்து. குறைந்த செலவில் காடு பார்க்க நினைக்கும் குடும்பம் எதை எப்படித் தேர்வு செய்யலாம் என்று பார்ப்போம்.

செலவு எங்கே ஆகிறது?

நம்மில் பலர் சஃபாரி டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு எடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகைக் கார், பெட்ரோல், தங்கும் அறை, சாப்பாடு ஆகியவற்றுக்குப் போவதில் சின்னப் பங்குதான் அந்த டிக்கெட். அதனால் "டிக்கெட் எங்கே குறைவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எங்கே போனால் ஒரு இரவு தங்கும் செலவு மிச்சம்? எங்கே அரசுப் பேருந்தில் போக முடியும்?" என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, புலியைப் பார்த்தே ஆகணும் என்று கிளம்பாதீர்கள். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் 114. காப்பகத்தின் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். சராசரியாக ஆறு சதுர கிலோமீட்டருக்கு ஒரு புலி; அதுவும் மறைந்து வாழும் விலங்கு. ஒரு மணி நேரப் பயணத்தில் கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம். யானை, காட்டெருமை, புள்ளிமான், மயில், லங்கூர் குரங்கு என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

முதுமலை: எல்லோரும் போகும் வழி

நீலகிரி மாவட்டத்தில் தெப்பக்காடுதான் முதுமலைக்கு மையம். வனத்துறையின் வரவேற்பு மையமும் சஃபாரி வண்டிகளும் அங்கே இருக்கின்றன. ஊட்டியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் மைசூர் போகும் பேருந்துகள் தெப்பக்காடு வழியாகவே செல்கின்றன. அதனால் சொந்த வண்டி இல்லாதவர்களும் போகலாம். மோயாற்றங்கரையில் யானைகள் முகாம் இருக்கிறது. ஆஸ்கர் விருது வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் இந்த முகாமைப் பற்றியதுதான். காலையிலும் மாலையிலும் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்க தனி டிக்கெட் எடுக்க வேண்டும். காட்டுக்குள் ஒன்றும் தென்படாத நாளிலும் பிள்ளைகள் யானையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் உடன் வந்தால் இது பெரிய வசதி.

சஃபாரியில் இரண்டு வகை உண்டு. வேன் அல்லது பேருந்தில் ஆளுக்கு ஒரு சீட் எடுக்கலாம். ஜீப் என்றால் வண்டிக்கு மொத்தமாகக் கட்டணம். இரண்டு பேர் மட்டும் ஜீப் எடுத்தால் கையைக் கடிக்கும். இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கான செலவு இறங்கிவிடும். முன்பதிவுக்கும் அன்றைய கட்டணத்துக்கும் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பாருங்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இ-பாஸ். நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது கட்டாயம். 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. சீசன் நேரத்தில் கடைசி நாளில் பதிவு செய்யப் பார்த்தால் இடம் கிடைக்காமல் போகலாம். இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. "நான் எடுத்துத் தர்றேன், முந்நூறு ரூபாய் கொடுங்க" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்த வேலையே இல்லை.

இரண்டாவது, செல்போன் மேப். ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு வழி கேட்டால், கல்லட்டி மலைப்பாதையில் மசினகுடி வழியாக சுமார் 36 கிலோமீட்டர் என்று காட்டும். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துப் பாதையில் வெளியூர் வாகனங்கள் கீழே இறங்க அனுமதி இல்லை. கூடலூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அது சுமார் 65 கிலோமீட்டர். பெட்ரோல் கணக்கையும் நேரக் கணக்கையும் இதை வைத்தே போடுங்கள். சஃபாரி மட்டும்தான் நோக்கம் என்றால், சீசனில் ஊட்டியில் அறை தேடி அலைய வேண்டாம். கூடலூரில் தங்கினால் தெப்பக்காடு சுமார் 17 கிலோமீட்டர்தான்.

மைசூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்திப்பூர் வழியாக வரும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும். ராத்திரியில் வந்து சேர்ந்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

டாப்சிலிப்: ஒதுங்கிய வழி

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக 40 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம் என்பதால் இந்தப் பெயர். வெட்டி அழிந்த தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. கடைத்தெரு, ஹோட்டல் வரிசை எதுவும் இல்லாத இடம். காட்டெருமைக் கூட்டத்தையும் மான்களையும் சத்தமில்லாமல் நின்று பார்க்கலாம். கோழிக்கமுத்தியில் யானைகள் முகாம் இருக்கிறது. வனத்துறை வண்டியில்தான் காட்டுக்குள் போக முடியும்.

கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதில் ஒரு பெரிய மிச்சம் உண்டு. காலையில் சீக்கிரம் கிளம்பினால் அன்று மாலையே திரும்பிவிடலாம். அறை வாடகை மிச்சம். பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் ஏறும் முன்பே "கீழே இறங்கக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், முன்பதிவு இல்லாமல் மேலே தங்க இடம் கிடைப்பது கஷ்டம். இருசக்கர வாகனத்தை மேலே விட மாட்டார்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. டாப்சிலிப்பைத் தாண்டினால் பரம்பிக்குளம் வரும். அங்கே போகும் சாலை நம் பக்கத்திலிருந்துதான் போகிறது. ஆனால் காடு கேரள வனத்துறையின் கையில். கன்னிமாரா என்ற மிகப் பழமையான தேக்கு மரம் அங்கேதான் உள்ளது. சேத்துமடையில் கட்டிய நுழைவுக் கட்டணம் பரம்பிக்குளத்துக்குச் செல்லாது. அங்கே தனிக் கட்டணம், தனிச் சுற்றுலா வண்டி. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் செலவும் கூடும், இரண்டும் அரைகுறையாகவே முடியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டாப்சிலிப்பில் உள்ள குறையையும் சொல்லிவிடுவோம். மழையோ மூடுபனியோ வந்தால் பார்க்க அதிகம் இருக்காது. செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. சாப்பாட்டுக்கு வசதி குறைவு. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் காட்டின் அமைதி உங்களுக்குக் கிடைக்கும்.

மூன்றாவது வழியை ஏன் விட வேண்டும்?

இப்போது அந்த வாட்ஸ்அப் நம்பருக்கு வருவோம். இரவில் காட்டுக்குள் சஃபாரி எதையும் வனத்துறை நடத்துவதில்லை. "நைட் சஃபாரி" என்று யார் கூட்டிப்போனாலும் அது சட்டவிரோதம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். பிடிபட்டால் ஓட்டுநர் மட்டும் அல்ல, வண்டியில் இருக்கும் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரியது உயிர். இருட்டில் முகத்தில் விளக்கடித்தால் யானை மிரளும். குட்டியோடு நிற்கும் தாய் யானை திருப்பித் துரத்தினால், குறுகலான காட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. உதவிக்கு அழைக்க சிக்னலும் இருக்காது.

போலி முன்பதிவுத் தளங்களும் உண்டு. தேடலில் முதலில் வருகிறது என்பதற்காக மட்டும் பணம் கட்டாதீர்கள். தனிநபர் பெயருக்கு யுபிஐ-யில் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எப்படி முடிவு செய்வது?

• சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் உடன் வருகிறார்கள், கையில் இரண்டு நாள் இருக்கிறது என்றால் முதுமலை. முடிந்தவரை வார நாளில், காலை சஃபாரிக்குப் போங்கள்.

• ஒரே நாள்தான், கோவை மண்டலத்தில் இருக்கிறோம், கூட்டம் வேண்டாம் என்றால் டாப்சிலிப்.

• நடக்கத் தெம்பு இருக்கிறது, வண்டியில் உட்கார்ந்து பார்க்க விருப்பமில்லை என்றால் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைப் பாருங்கள். 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள், பதிவு ஆன்லைனில்.

• சஃபாரிக்கே காசு இல்லையா? சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் போகும் அரசுப் பேருந்தில் பகலில் ஜன்னலோரம் உட்காருங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகளும் புலிகள் காப்பகத்தின் காடும் பேருந்துக் கட்டணத்திலேயே அடங்கும். கரும்பு லாரிக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் யானையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். பேருந்தை விட்டு இறங்காமல் இருந்தால் போதும்.

கிளம்பும் முன் செல்போனில் செய்ய வேண்டியவை

1. காப்பகம் திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் பாருங்கள். கோடையில் காட்டுத் தீ அபாயம் கூடினாலும், கனமழை பெய்தாலும் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள்.
2. இ-பாஸ், டிக்கெட், அடையாள அட்டை மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மேலே போன பிறகு நெட் கிடைக்காது.
3. போகும் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.
4. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அபராதம் கட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.
5. காட்டுச் சாலையில் செல்ஃபிக்காக வண்டியை நிறுத்தாதீர்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள்.

பிரபலமான காடா, ஒதுங்கிய காடா என்பதைவிட, உங்கள் கையில் எத்தனை நாள், உடன் வருவது யார், பேருந்து வசதி எப்படி என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். இன்று இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிப் பாருங்கள். எந்தக் காடு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.